ஒத்துகினா

சாட்சிக் கூண்டில் ஏறியதிலிருந்தே ஃப்ளோராவின் கால்கள் தரையில் பாவவில்லை. கல்மண்டபத்தில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் கடை போடுகிற அவள் ஒரே சமயத்தில் ஏழு பேருக்குத் தட்டு நீட்டுவாள். அப்போதுகூட இப்படி மிதந்ததில்லை. பொய் சொல்லக் கூடாது, அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டாள். எதிரே அக்கா மகள் ஜூடி நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்னொரு பக்கம் பென்னி, முப்பது வயதுக்காரன், இஸ்திரி போட்ட சட்டையில் மாப்பிள்ளை போல நின்றான்.

டிவி டான்ஸ் போட்டியில் சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லி, வீட்டில் யாருக்கும் தெரியாமல் ஜூடியை பைக்கில் கூட்டிப் போனவன் அவன். கும்மிடிப்பூண்டி தாண்டுவதற்குள் போலீஸ் மடக்கிவிட்டது. ஜூடிக்கு அப்போது பதினாறு வயது. அவள் பைக்கில் ஏறியதைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள் ஃப்ளோரா. தோழியின் அண்ணன் என்று நினைத்து, அடுத்த தட்டுக்கு முட்டை உடைக்கத் திரும்பிவிட்டாள்.

பார்த்ததை அரசு வக்கீல் சௌமியா கேட்டபோது, ஃப்ளோரா ஒரே மூச்சில் சொன்னாள்: “வண்டி வந்துச்சு, அவ ஒத்துகினா, அப்பால ஏறிக்கினா.”

சௌமியா நெற்றியைத் தடவிக்கொண்டார். பென்னியின் வக்கீல் லோகநாதன் பாயசத்தில் முந்திரி கிடைத்ததுபோல எழுந்தார்.

“ஒத்துக்கொண்டாள். நீங்களே சொன்னீர்கள். அப்படியானால் பெண் சம்மதித்துத்தான் போனாள்?”

ஃப்ளோரா பென்னியைத் திரும்பிப் பார்த்தாள். தன் வாயால் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டோமோ? நாளைக்கே கடைக்கு எதிரே பைக்கை நிறுத்திவிட்டுச் சிரிப்பான். ஜூடி ஸ்கூலுக்குப் போகிற வழியெல்லாம் சிரிப்பான்.

“ஐய, அந்த ஒத்துகினது இல்ல சார். வண்டி மேல வந்துச்சில்ல, அதுக்கு ஒத்துகினா.”

“வண்டிக்குச் சம்மதித்தாளா?”

“வண்டிக்கு எவனாவது சம்மதிப்பானா? ஒத்துறதுன்னா...” அவள் கைகளை விரித்துக் காற்றைத் தள்ளிப் பார்த்தாள். கூண்டில் இடம் போதவில்லை. “சார், நீங்க கொஞ்சம் ஒத்து.”

லோகநாதன் கொருக்குப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர். மூளை யோசிப்பதற்கு முன்னால் கால் இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்துவிட்டது.

“பாத்தியா, இப்ப ஒத்துகினீங்களே. நீங்க இன்னாத்துக்கு சம்மதிச்சீங்க?”

கோர்ட் முழுக்கச் சிரிப்பு பரவியது. தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். நடுவர் அம்மாள் பேனாவால் மேசையைத் தட்டினார். ஆனால் அவர் உதடும் சரியான இடத்தில் இல்லை. ஃப்ளோராவுக்குத் தலை கிறுகிறுத்தது. ஜெயித்துவிட்டோம்.

லோகநாதன் பழைய இடத்துக்கு வராமலே கேட்டார்: “சரிம்மா. நகர்ந்தாள். அப்புறம் வண்டியில் ஏறினாளே, யாராவது பிடித்து இழுத்தார்களா?”

“இல்ல.”

“அழுதாளா?”

“சிரிச்சிகினே ஏறுனா.” சொல்லி முடித்ததும் ஃப்ளோரா நாக்கைக் கடித்துக்கொண்டாள். பொய் சொல்லியிருக்கலாமோ?

நடுவர் அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு லோகநாதனைப் பார்த்தார். “வக்கீல் சார், அவள் ஒத்துக்கொண்டாளோ, ஒத்திக்கொண்டாளோ, சிரித்தாளோ, இந்த வழக்கில் அதை வைத்து என்ன செய்வதாக இருக்கிறீர்கள்? பிறப்புச் சான்றிதழ்படி பதினாறு வயது. பெற்றவர்களிடம் உங்கள் கட்சிக்காரர் கேட்டாரா?”

லோகநாதன் கோப்பைப் புரட்டினார்.

“பதினெட்டு ஆகாத பிள்ளையின் சம்மதம் இதில் கணக்கில் வராது. வேறு கேள்வி இருந்தால் கேளுங்கள்.”

இவ்வளவு நேரம் மல்லுக்கட்டியது எதற்கு என்று ஃப்ளோராவுக்குத் தோன்றியது. உடனே சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. கூண்டிலிருந்து இறங்கி, வராந்தாவைத் தாண்டி, வேப்பமரத்தடிக்கு வந்தும் சிரிப்பு நிற்கவில்லை. சௌமியா தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

ஜூடி மட்டும் உர்ரென்று இருந்தாள். “இன்னா மேடம் இது? நான் சரின்னு சொன்னா அது கணக்கே இல்லியா? நான் இன்னா ஆட்டுக்குட்டியா?”

“உன்னை யாரும் மட்டம் தட்டலை. அவன் உன் ‘சரி’யைத் தூக்கிக் கேடயமா பிடிச்சிருந்தான். நடுவர் அம்மா அதை வாங்கித் தூரப் போட்டுட்டாங்க.”

ஜூடி அதை மென்றுகொண்டே இருந்தாள். விழுங்கியதாகத் தெரியவில்லை.

தீர்ப்பு மழைக்காலத்தில் வந்தது. கோர்ட் தமிழ் ஃப்ளோராவின் காதில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போனது. சௌமியாவின் புடவையை இழுத்தாள். “ஜெயிலா?”

“ஜெயில்.”

வெளியே வந்ததும் பஸ்ஸுக்கு நிற்க ஃப்ளோராவுக்கும் ஜூடிக்கும் பொறுமையில்லை. எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் தெறிக்கும் சேற்றுக்குத் துள்ளிக்கொண்டு, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். காரணமில்லாமல் சிரித்தார்கள். கடல் உப்பும் டீசலும் சேர்ந்து மூக்கில் ஏறின.

“சித்தி.” ஜூடி சட்டென்று நின்றாள். “நான் ஏறுனது தப்பா?”

“ஏத்துனது தப்பு.”

“அது கேக்கல. நான் ஏறுனது?”

ஃப்ளோரா யோசித்தாள். “உனுக்கு டான்ஸ் ஆடணும்னு ஆசை. அது இன்னா தப்பு?”

ஜூடியின் முகம் மெல்ல விரிந்தது. சேறு அப்பிய செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே ஒரு சுற்று சுற்றினாள். பின்னால் வந்த லாரிக்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். அவள் இன்னொரு சுற்றும் சுற்றிவிட்டுத்தான் நகர்ந்தாள்.