பனிக்கோடு

ஒட்டகத்தில் ஏறுவது முதல் நாளா, கடைசி நாளா என்பதில்தான் சண்டை ஆரம்பித்தது. மத்தியானம் இரண்டு மணி, ஷிப்ட் மாறுகிற நேரம். குளிர்பதனக் கிடங்கின் கம்ப்ரசர் அறையில், கவிழ்த்துப் போட்ட எண்ணெய் பீப்பாயின் மேல் சுற்றுலாக் கம்பெனி கொடுத்த வழவழப்பான தாள் விரிந்து கிடந்தது. மூன்று கம்ப்ரசர்களும் சேர்ந்து ஓடுகிற அந்த அறையில் ரகசியம் பேசுவதென்றாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரிக் கத்தித்தான் பேச வேண்டும். இருபத்தெட்டு வருடம் அங்கே கத்திப் பழகிய போர்மேன், வீட்டில் சாப்பிடும்போது உப்புக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடி வருவார்.

"மொத நாள் பாலைவனம். அடுத்த ரெண்டு நாள் டவுன். முடிவாயிடுச்சு," என்றார் மந்திரி. அவர் வேலைக்குப் பிட்டர்தான். ஆனால் ஒரு நட்டைக் கழற்றுவதைக்கூட நாட்டு மக்களுக்கு அறிவிப்பது போலச் சொல்வதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

"மண்ணும் மணலுமா போய் நின்னா, அந்த நூத்தம்பது மாடிக் கட்டடத்துல லிப்ட்டுக்குள்ளயே விட மாட்டான்ணே," என்றான் எலக்ட்ரீஷியன் குண்டூசி. அவன் பக்கவாட்டில் திரும்பி நின்றால் வருகைப் பதிவேட்டில் ஆப்சென்ட் போட்டுவிடுவார்கள், அவ்வளவு பருமன்.

நாலாவது ஆள் சாமியார். நின்றுகொண்டே தூங்கக்கூடியவர், அதனால் ஞானி என்று பெயரெடுத்தவர். கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "சாப்பாடு எத்தன வேளைன்னு போட்டிருக்கு?"

தாளில் எல்லாமே போட்டிருந்தது. மூன்று நாள். பாட்டுக்குத் தகுந்தாற்போல் ஆடுகிற நீரூற்று, கண்ணாடித் தரை போட்ட கோபுர உச்சி, கட்டடத்துக்கு உள்ளேயே கொட்டுகிற பனிமழை. பிறகு பாலைவனம். ஜீப்பில் மணல்மேட்டின் முதுகில் ஏறி, வயிறு தொண்டைக்கு வர மறுபக்கம் சரிவது, ஒட்டகச் சவாரி, கூடாரத்தில் உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்ப்பது.

"உள்ளுக்குள்ள ஐஸ் கொட்டுதாம்ணே, அதுக்கு டிக்கெட்டு வேற," என்று குண்டூசி விழுந்து விழுந்து சிரித்தான். "நம்ம நாலாம் நம்பர் ரூமத் தெறந்து விட்டா, அவனெல்லாம் கடைய மூடிட்டுப் போயிடுவான்."

போர்மேனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண் தன்னால் இரண்டாவது மெஷினுக்குப் பின்னால் போனது. மற்ற மூன்று பேரின் கண்களும் அதே இடத்துக்குப் போய்த் திரும்பின.

இந்தப் பயணம் ஒரு பரிசு. கிடங்கில் இரண்டாயிரம் நாட்களாக ஒரு விபத்தும் இல்லை. ஒரு விரல்கூட நசுங்கவில்லை. அதற்காக முதலாளி நான்கு ஆபரேட்டர்களையும் மனைவிமாரோடு அனுப்புகிறார். முற்றத்தில் எல்லோரையும் நிற்க வைத்து மேனேஜர் மாலை போடாத குறையாகப் பேசினார். "நாலு பேரும் ஒண்ணா போயிட்டு வாங்க. ஒண்ணா!" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். பரிசு வாங்கிய நாலு பேர் மட்டும் திருட்டு மாங்காயோடு பிடிபட்டவர்கள் போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஏனென்றால் அந்த நாலு பேரும் ஆறு வருடமாக ஒன்றாக எங்கேயும் போனதில்லை. போர்மேன் மகள் கல்யாணத்துக்கு மந்திரி வரவில்லை. மந்திரி வீடு கட்டிக் குடிபோனபோது சாமியார் இல்லை. குண்டூசி கல்யாணத்தில் போர்மேன் தாலி கட்டி முடிந்த கையோடு ஓடிவிட்டார். பெண் வீட்டார் இன்றைக்கும் அவருக்கு வயிற்றுக் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எந்த நேரமானாலும் நாலில் ஒருவர் கம்ப்ரசர் அறையில் இருந்தாக வேண்டும். அது கம்பெனி போட்ட சட்டமில்லை. அவர்களே போட்டுக்கொண்டது.

இரண்டாவது மெஷினுக்குப் பின்னால் ஒரு தொட்டி இருக்கிறது. அதில் அம்மோனியா திரவம் எவ்வளவு நிற்கிறது என்று கவனித்துச் சொல்ல உள்ளே ஒரு மிதவை. ஆறு வருடத்துக்கு முன்னால் அந்த மிதவைக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்தது. எண்ணெய்ப் பிசுக்கில் போய் ஒட்டிக்கொள்ளும். தொட்டி நிரம்பி வழிகிற நிலைக்கு வந்தாலும் கட்டுப்பாட்டுத் திரையில் பச்சை விளக்கு சமர்த்தாக எரியும். திரவம் சத்தம் போடாமல் ஏறும். அது ஏற ஏற, மேலே போகும் குழாயின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பனி படர்ந்து ஏறும். குழாய் மடங்கித் திரும்புகிற எல்போவை அந்தப் பனிக்கோடு தாண்டினால் திரவம் கம்ப்ரசருக்குள் புகுந்துவிடும். வாயுவை நசுக்கப் பிறந்த மெஷினுக்குத் திரவத்தை நசுக்க வராது. அதன் தலை பிளந்துகொள்ளும். பிறகு வெளியே வருவதை மூச்சில் இழுத்தவன் இன்னொரு மூச்சு இழுப்பது சந்தேகம். கிடங்கின் கிழக்கு மதிலை ஒட்டி ஒரு காலத்தில் வெறும் பொட்டல் கிடந்தது. இப்போது முந்நூறு வீடுகள். சமையலறை ஜன்னல்களெல்லாம் மதிலைப் பார்த்தே வைத்திருக்கிறார்கள், குளிர்ச்சியாகக் காற்று வருமாம்.

இதற்கு அவர்கள் கண்டுபிடித்த வைத்தியம் ஒரு மரச்சுத்தி. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை மிதவைப் பெட்டியில் மூன்று தட்டு. உள்ளே டொக் என்று மிதவை விடுபடும். பனிக்கோடு இறங்கிவிடும். அன்றைய மேனேஜரிடம் சொல்லாமலில்லை. மிதவையை மாற்ற மூன்று வாரம் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும் என்றதும், "சரக்க எல்லாம் உங்க வீட்டு ஃப்ரிட்ஜுல வெச்சுக்குவீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிவுப் புத்தகத்தில் 'சரி' என்று எழுதச் சொன்னார். அவர் போய் இரண்டு மேனேஜர்கள் வந்துவிட்டார்கள். 'சரி' மட்டும் போகவில்லை. ஷிப்டுக்கு ஷிப்ட், நாலு கையெழுத்தில், ஆறு வருடமாக 'சரி'. பரிசு கொடுத்ததே அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான். இப்போது போய் வாயைத் திறந்தால் அத்தனை 'சரி'யும் பொய் என்றாகும். போர்மேனுக்கு ஓய்வு பெற இன்னும் நாலு மாதம்.

"தட்டாம விட்டா எவ்ளோ நாள் தாங்கும்னு யாராச்சும் பாத்திருக்கோமா?" என்று குண்டூசிதான், பீப்பாய் மேல் தாளை விரித்த அன்றைக்கு, அந்த யோசனையைக் கொளுத்திப் போட்டான். "பயத்துலயே தட்டிக்கிட்டுத் திரியுறோம். மூணு நாள் விட்டுப் பாப்போம். தாங்குச்சுன்னா கெளம்புவோம். தாங்கலன்னா பாலைவனத்த வெட்டிட்டு, டவுன மட்டும் பாத்துட்டு ஓடியாந்துடுவோம்."

"பாலைவனத்துல கை வைக்கக் கூடாது," என்று மந்திரி அறிவித்தார்.

பயணத்திட்டத்தைப் பனிக்கோட்டைப் பார்த்துப் போட்ட சுற்றுலாக் குழு உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும். குழாயில் சாக்பீஸால் அடையாளம் போட்டார்கள். மூன்று நாளைக்கு யாரும் சுத்தியைத் தொடுவதில்லை என்று பேச்சு. அவரவர் ஷிப்டில் கோடு எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் பார்த்தால், கோடு எல்போவுக்கு ஒரு முழம் கீழே பசுமாடு மாதிரிச் சாதுவாக நின்றது. மந்திரி அறையைச் சுற்றி ஒரு ஆட்டமே போட்டார். பாலைவனம் பிழைத்தது, நடுநாளுக்கு வைத்தார்கள்.

போர்மேனும் ஆடியிருப்பார். ஆனால் இரண்டாம் நாள் தன் ஷிப்டில் அவர் ஒரு காரியம் செய்திருந்தார். கோடு ஏறுகிற மாதிரி அவர் கண்ணுக்குப் பட்டது. யாருமில்லாத நேரம் பார்த்து, பூனை பால் குடிப்பது போலப் போய் மூன்று தட்டுத் தட்டிவிட்டு வந்தார். ஒரே ஒரு தடவைதானே, மற்றவர்கள் தொடவில்லையே, மூன்று நாள் கணக்கில் இது என்ன பெரிய விஷயம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். வெளியே மூச்சு விடவில்லை.

வீட்டிலோ, அவர் மனைவி பதினோரு நாள் முன்பே பெட்டியைக் கட்டிவிட்டாள். கறுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கி, அதைப் போட்டுக்கொண்டே வெங்காயம் நறுக்கினாள். மணல் கண்ணில் விழாமலிருக்க இப்போதிருந்தே பழக்கமாம். முப்பது வருடத்தில் அவரோடு அவள் போன மிக நீண்ட பயணம் கண் ஆஸ்பத்திரிக்கு.

"ஏங்க, தட்ட எதுக்கு இப்படித் தட்டுறீங்க?" என்றாள் ஒருநாள் சாப்பாட்டின்போது.

போர்மேன் விரலைப் பார்த்தார். அது சாப்பாட்டுத் தட்டின் விளிம்பில் மூன்று தட்டு முடித்துவிட்டு நின்றிருந்தது.

"சும்மாதான்," என்றார்.

"சும்மா தட்டுற ஆளு நீங்க இல்லயே," என்று அவள் கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்தாள். அந்தக் கண்ணாடியில் அவர் முகம் இரண்டாகத் தெரிந்தது. இரண்டுமே நன்றாக இல்லை.

கிளம்புவதற்கு முந்தைய நாள் மத்தியானம், பொறுப்பை வாங்கிக்கொள்ளப் புதியவர் வந்தார். ஒப்பந்தக் கம்பெனி அனுப்பிய ஆள். பகலுக்கு அவர், ராத்திரிக்கு அவருடைய கூட்டாளி. நாற்பது வயது, இஸ்திரி மடிப்பில் விரல் பட்டால் வெட்டிவிடும் போன்ற சட்டை. பெரிய பெரிய ஆலைகளில் வேலை பார்த்தவர். இரண்டு காதுக்கும் பஞ்சு வைத்த கவசம் மாட்டிக்கொண்டு, திரைக்கு முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு விளக்காக டிக் அடித்தார். திரையில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்கிற நிம்மதி அவர் முகத்தில் இருந்தது. போர்மேனுக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பொறாமையாகக்கூட இருந்தது. போர்மேன் அதற்குள் யாருக்கும் தெரியாமல் தட்ட வேண்டியதைத் தட்டி முடித்திருந்தார்.

"வேற ஏதாச்சும் நான் தெரிஞ்சுக்க வேண்டியது இருக்கா சார்?" என்று கவசத்தைத் தூக்கிக்கொண்டு புதியவர் கேட்டார். நல்ல மனிதர். கேட்கத் தெரிந்த மனிதர்.

போர்மேன் வாயைத் திறந்தார். பின்னால் நின்ற மந்திரி தொண்டையைச் செருமினார். கம்ப்ரசர் சத்தத்தையும் மீறி அந்தச் செருமல் கேட்டது.

"ஒண்ணுமில்ல. எல்லாம் சரி," என்றார் போர்மேன். புத்தகத்திலும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வேன் வந்தது. எட்டுப் பேர், பத்தொன்பது பெட்டிகள். சாமியாருடைய இரண்டு பெட்டியில் முழுக்க முறுக்கு. பெண்கள் முன்னால் உட்கார்ந்து, ஒட்டகம் எழுந்திருக்கும்போது முன்னங்காலைத் தூக்குமா பின்னங்காலைத் தூக்குமா என்று வாதம் செய்தார்கள். வேன் ஊர் எல்லையைத் தாண்டியது. ஆறு வருடத்தில் முதல் தடவையாக நாலு பேரும் வெளியே இருந்தார்கள். கூண்டைத் திறந்துவிட்ட பிறகும் பறக்காத கோழிகள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

குண்டூசிக்குத்தான் முதலில் உற்சாகம் பொத்துக்கொண்டது. "இப்ப சொல்லலாம்ல? டெஸ்ட்டு வெச்சோமே அந்த மூணு நாளு, நான் பட்ட பாடு இருக்கே! மனசு கேக்கலண்ணே. ஒரே ஒரு தடவ... ஒரே தடவதான்... தட்டிட்டேன்." சொல்லிவிட்டுச் சிரித்தான்.

மந்திரி மெதுவாகத் திரும்பினார். "நீயுமா?"

"நீயுமான்னா?"

ஒரு அறிவிப்பும் வெளிவராமல் அவர் வாய் திறந்தபடி நிற்பதை அன்றைக்குத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

சாமியார் கண்ணைத் திறந்தார். "நான் ஷிப்டுக்கு ரெண்டு தடவ," என்றார். "வழக்கம்போல."

போர்மேன் மனதுக்குள் மணியை எண்ணினார். கடைசியாகத் தட்டியது நேற்று மத்தியானம் இரண்டு. இப்போது எட்டரை. பதினெட்டரை மணி நேரம். சோதனை வைத்த மூன்று நாளில்கூட அந்தக் குழாய் இவ்வளவு நேரம் தட்டு வாங்காமல் இருந்ததில்லை. எவ்வளவு தாங்கும் என்று இந்தப் பூமியில் ஒருவருக்கும் தெரியாது.

"வண்டிய ஓரமா நிறுத்துங்க," என்றார்.

"என்னங்க, எதையாச்சும் மறந்துட்டீங்களா?" என்றாள் மனைவி.

"ஆமா."

போனை எடுத்தபோது மந்திரி அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "யோவ், யோசி. நாலு மாசம்யா உனக்கு. நாம திரும்பி வந்து பாத்துக்கலாம். மூணே நாளு." அந்தக் குரலில் அதிகாரம் இல்லை, கெஞ்சலாக இருந்தது.

போர்மேன் கையை விடுவித்துக்கொண்டு புதியவரின் செல்போன் எண்ணை அழுத்தினார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார். நெடுநேரம் மணி அடித்தது. காதில் கவசம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

"சார்! பிளைட் ஏறியாச்சா? இங்க எல்லாம் பச்சைதான். கவலையே படாம என்ஜாய் பண்ணுங்க."

"திரைய விட்டு எழுந்திரிங்க. ரெண்டாம் மெஷினுக்குப் பின்னால குழாய் மேல போகுதுல்ல, அதுல பனி எது வரைக்கும் இருக்கு?"

செருப்புச் சத்தம். கம்ப்ரசர்களின் இரைச்சல் பெரிதானது.

"பனியா? அழகா இருக்கு சார்! எல்போ வரைக்கும் வெள்ளையா மூடியிருக்கு. அந்தப் பக்கமும் லேசா பூத்திருக்கு. போட்டோ எடுத்து அனுப்பவா?"

முன்சீட்டில் ஒட்டகப் பேச்சு நின்றுவிட்டது.

"போட்டோ வேணாம். வாசல் பக்கத்துல சிவப்பு பட்டன் இருக்கு. அமுக்குங்க. மூணு மெஷினும் நிக்கும். அப்படியே முகமூடிய மாட்டிக்கிட்டு வெளிய போயிடுங்க. மேற்குப் பக்கமா ஓடுங்க."

"சார்... திரையில ஒண்ணுமே காட்டலயே. நிறுத்துனா காரணம் எழுதணுமே. என்னன்னு எழுதுறது?"

போர்மேன் தன் மனைவியைப் பார்த்தார். பிறகு மற்ற மூவரைப் பார்த்தார். சாமியார் மட்டும் தலையாட்டினார்.

"மிதவ ஆறு வருஷமா ஒட்டுது. ஆபரேட்டர்களுக்குத் தெரியும். பொய்யா 'சரி' எழுதினோம். மொதல்ல என் பேரப் போடுங்க. எழுதறது அப்புறம், இப்ப ஓடுங்க!"

கம்ப்ரசர் அறையில் கத்துகிற குரலிலேயே அதைச் சொல்லிவிட்டார். சாலையில் போன ஒரு சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்தார். போனில் செருப்புச் சத்தம் ஓட்டமாக மாறியது. குழாயிலிருந்து சிவப்பு பட்டனுக்கு இருபத்திரண்டு காலடி. போர்மேன் அதை இருபத்தெட்டு வருடம் நடந்தவர். ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தார். மூன்று மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவே ஒன்று மட்டும் தாளம் தப்பியிருந்தது. யாரோ உள்ளே அடைபட்டு, இரும்பை முஷ்டியால் குத்துவது போல ஒரு சத்தம். ஒன்பது, பத்து. குத்து வேகமாகிக்கொண்டே வந்தது.

வேன் நின்ற இடத்துக்கு எதிரே ஒரு மாடி வீடு. மொட்டை மாடியில் கொடி நிறையத் துணி காய்ந்துகொண்டிருந்தது. பதின்மூன்று என்று எண்ணியபோது காற்று பலமாக எழுந்தது. சட்டைகள், பாவாடைகள், ஒரு குழந்தையின் கவுன், எல்லாம் ஒரே மூச்சில் உப்பி, கைகளை நீட்டிக்கொண்டு, கிடங்கு மதிலில் அந்த ஜன்னல்கள் இருக்கிற கிழக்குப் பக்கமாகவே பறந்தன.