பெயர் கூப்பிடும் நேரம்

ஆஸ்பத்திரி வாசலில் முனிரத்தினம் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தான். கண்களைச் சுற்றிக் கட்டியிருந்த துணியில் மருந்து வாடை அடித்தது. மேஸ்திரி தங்கவேலு வருவதாகச் சொல்லியிருந்தார். ரயிலடிக்குக் கூட்டிப்போய், குடியாத்தம் பக்கம் போகிற வண்டியில் ஏற்றிவிடுவாராம். இறங்கி எங்கே போவாய் என்று அவரும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. ஊரில் அவனுக்கென்று இருந்தவர்கள் எல்லாரும் காலராவில் போய்விட்டார்கள்.

தூரத்தில் தங்கச் சுரங்க மில்லின் இரும்பு உலக்கைகள் கல்லை இடித்துக்கொண்டிருந்தன. கண் இருந்த நாட்களில் அந்தச் சத்தத்தை அவன் கவனித்ததே இல்லை. இப்போது யாரோ பெரிய ஆள் ஒருவன் மல்லாந்து படுத்து மூச்சுவிடுவது போல் கேட்டது. துணிக்குள்ளே பொன்னிறப் பொறிகள் மிதந்தன. சில நேரம் அவை ஒன்றுசேர்ந்து பூமிக்கு அடியில் ஒரு பாதையாகிவிடும். வரிசையாகத் தொப்பிகள், தொப்பிகளில் களிமண் வைத்து ஒட்டிய மெழுகுவத்திகள், ஆழத்தில் ஒரு கார்த்திகை. கடைசி வத்தி கூட வேலை செய்த ஜெயகரனுடையது. அது திரும்பி இவனைப் பார்த்துச் சிரிக்கும். அந்த இடத்தில் முனிரத்தினத்துக்கு உடம்பு தூக்கிப்போடும்.

பாறையில் துளை போட்டு, வெடிமருந்து அடைத்து, திரியைக் கொளுத்திவிட்டு ஓடி ஒதுங்க வேண்டும். பிறகு வெடிகளை எண்ண வேண்டும். எத்தனை துளையோ அத்தனை வெடி. ஒன்று குறைந்தால் ஒரு துளை வெடிக்காமல் உயிரோடு கிடக்கிறது என்று பொருள். அன்று எண்ணியவன் முனிரத்தினம். எல்லாம் வெடித்துவிட்டதென்று சொன்னான். கடைசியாகக் கேட்டது வெடியல்ல, தோண்டிக் கைவிட்ட பழைய பாதைக்குள் போய்த் திரும்பி வந்த எதிரொலி. அவனுக்கே மனசுக்குள் ஒரு சின்னச் சந்தேகம் இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தபோது சுரங்கக் கேப்டன் ஆர்தர் துரை பிரம்பால் அவன் தொப்பியைத் தட்டி உள்ளே போகச் சொன்னார். புகை இன்னும் அடங்கியிருக்கவில்லை. ஜெயகரன்தான் முன்னால் போய்ப் பாறையில் துளைக்கம்பியை வைத்தான். வெடிக்காமல் கிடந்த துளை அப்போதுதான் வெடித்தது.

ஷிப்ட் முடிந்ததற்கு அடையாளமாகச் சங்கு ஊதியது. இந்நேரம் ஆட்களை ஏற்றிக்கொண்டு கேஜ் மேலே வந்துகொண்டிருக்கும். அதிலிருந்து இறங்குகிற எல்லாருக்கும் ஒரே முகம்தான். கல்தூளும் வியர்வையும் அப்பியதில் யார் மகன், யார் புருஷன் என்று தெரியாது. அதனால் ஷாப்ட் என்கிற அந்தச் சுரங்கக் குழியின் வாயில் காத்து நிற்கும் பெண்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பெயருக்கு உரியவன் “வந்தேன்” என்று குரல் கொடுப்பான். கூப்பிட ஆளில்லாதவர்கள் ஓரமாக நடந்து போய்விடுவார்கள். முனிரத்தினம் அப்படிப் போகிறவன். ஜெயகரன்தான் அவன் கையைப் பிடித்து இழுத்து, தன் அம்மா கொண்டுவந்த கஞ்சியில் பாதியைக் குடிக்க வைப்பான்.

யாரோ வரும் காலடி கேட்டது. மேஸ்திரி போடுகிற செருப்பின் சத்தம் இல்லை, வெறுங்கால். கல்தூளின் வாடை வந்தது.

“முனிரத்தினம்!”

ஷாப்ட் வாயில் கூப்பிடுகிற மாதிரியே, சத்தமாக, கடைசி எழுத்தை இழுத்து. அது ஜெயகரனின் அம்மா பாக்கியவதியின் குரல்.

“இன்னாடா, காதும் போயிடுச்சா? கூப்பிட்டா வந்தேன்னு சொல்லத் தெரியாது?”

“பெரீம்மா...”

“எழுந்திரு. வூட்டுக்குப் போலாம்.”

“மேஸ்திரி வர்றேன்னாரு.”

“அவன் எங்க வரப்போறான். கால் நல்லாத்தானே கீது? எழுந்திரு.”

“பெரீம்மா, அன்னிக்கி எண்ணினது நான்தான்.”

உலக்கைகள் இடித்துக்கொண்டே இருந்தன. அவள் போய்விட்டாளோ என்று அவன் கையை நீட்டிப் பார்த்தான். அந்தக் கையில் அவள் தன் முந்தானை நுனியைத் திணித்தாள்.

“லைன் பூரா தெரியும். எனக்கு மட்டும் தெரியாதா? பள்ளம் கீது, பாத்து வா.”

கம்பெனி ஆட்கள் குடியிருக்கும் லைனில் அவள் வீடு மூங்கில் தட்டியால் ஆனது. தட்டிக்கு அந்தப் பக்கம் வெங்கடம்மா குடியிருந்தாள். அவளுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

“பாக்கியம், உனுக்கு புத்தி பெரண்டுச்சா? புள்ளைய முழுங்கினவன இட்டாந்து குந்த வச்சிக்கினு கீறியே. நாளைக்கி ஒரு தம்பிடி சம்பாரிப்பானா?”

“உன் வூட்டு சட்டியில இருந்தா போடறேன்? போடி, உன் வேலையப் பாரு.”

சொல்லிவிட்டுத் தட்டை முனிரத்தினத்தின் முன்னால் டங்கென்று வைத்தாள். விளிம்பில் ஒரு நசுங்கல் விரலில் பட்டது. அது ஜெயகரனின் தட்டு. அவன் கையை எடுத்துக்கொண்டான்.

“உம் மூஞ்சியப் பாத்தா எனக்கு வயிறு எரியுது,” என்றாள் பாக்கியவதி. “சாப்புடு.”

மறுநாள் விடிந்ததும் அவள் கல் பொறுக்கும் களத்துக்குக் கிளம்பினாள். பொன் உள்ள கல்லையும் வெறுங்கல்லையும் உடைத்துப் பிரிக்கும் வேலை அவளுக்கு. நானும் வருகிறேன் என்று முனிரத்தினம் கூடவே போனான். அவளுடைய குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்து வைத்துக்கொண்டு, காதை நம்பிச் சுத்தியலை இறக்கினான். நாலு கல் உடைந்தது. ஐந்தாவதில் கட்டைவிரல் நசுங்கியது. அப்படியும் நிறுத்தவில்லை. ரத்தத்தில் கல் வழுக்கியபோதுதான் பாக்கியவதி பார்த்தாள். சுத்தியலைப் பிடுங்கி எறிந்தாள்.

“இன்னாத்துக்குடா இது?”

“சும்மா குந்தினு துன்ன முடியல பெரீம்மா. முடிஞ்ச மட்டும் கழிச்சிடறேன்.”

“எத்தக் கழிப்ப? எம் புள்ளைய இந்தக் கல்ல உடைச்சா கழிச்சிடுவியா?” அவள் குரல் உடைந்தது. பக்கத்துப் பெண்களின் சுத்தியல்கள் நின்றன. “கூலிக்கி ஆள் வேணும்னா நல்ல கண்ணு இருக்கறவனா பாத்து இட்டாந்திருப்பேன். புள்ளைக்கி எவளாச்சும் கூலி கேப்பாளா?”

விரலில் துணியைச் சுற்றும்போது அவள் மெல்லப் பேசினாள்.

“கோயில்ல உபதேசியார் படிப்பாரு. ஆண்டவர் நம்மள சுவீகாரம் எடுத்துக்கினாராம். நாம ஒண்ணும் குடுக்கலியாம், அவரே எடுத்துக்கினாராம். நானும் இத்தினி வருசமா தலைய ஆட்டினேன். அவரு புள்ளையக் கொன்ன கூட்டத்தத்தானே எடுத்துக்கினாரு? கேக்கறப்ப சுளுவா இருந்துச்சி. ஜெயகரன மண்ணுல வச்சிட்டு வந்தப்புறம் சுளுவா இல்ல.” முடிச்சை இறுக்கினாள். “வலிக்குதா?”

“இல்ல.”

“பொய்யி.”

அவனுக்கு அந்தச் சாமியைத் தெரியாது. துணிக்குள்ளே பொறிகள் மெதுவாக இடம் மாறின. அந்தச் சாமிக்கும் கோபம் வருமா, கோபத்தோடேதான் தட்டைக் கொண்டுவந்து வைக்குமா என்று நினைத்துக்கொண்டான்.

அந்த வாரம் மேஸ்திரி தங்கவேலு வீட்டு வாசலுக்கு வந்தார். இருமிக்கொண்டு, நின்றபடியே பேசினார்.

“பாக்கியம், சாவு விசாரணைக்கி சர்க்கார் இன்ஸ்பெக்டர் துரை வர்றாரு. நீ ரொம்பப் பேச வேணாம். இவன் தப்பா எண்ணினதாலதான் எம் புள்ள செத்தான், வேற யார் மேலயும் குத்தமில்லன்னு சொல்லிடு. நீ இருக்கற வரைக்கும் இந்த வூடு உன்னிதுதான்னு கேப்டன் துரையே சொல்லிட்டாரு.”

“சொல்லலன்னா?”

“கீழ எறங்கற ஆம்பள இல்லாத வூட்ட கம்பெனி எப்படி விடும்? உனுக்கே தெரியும்.”

“இவன இன்னா பண்ணுவாங்க?”

“ஜெயிலுக்குப் போவான். குருடனுக்கு எங்க இருந்தா இன்னா? சோறாச்சும் கெடைக்கும்.”

முனிரத்தினம் தட்டியில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டான். மேஸ்திரி போனதும், “சொல்லிடு பெரீம்மா. நெஜந்தானே?” என்றான்.

பானையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

விசாரணை நடந்த அறையில் சுருட்டு வாசனையும் தோல் வாசனையும் இருந்தன. இன்ஸ்பெக்டர் துரை இங்கிலீஷில் கேட்டதை கம்பெனி ரைட்டர் இன்பராஜ் தமிழில் சொன்னார். அவரும் பாக்கியவதி போகிற கோயில்தான். முனிரத்தினம் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“எண்ணினது யாரும்மா?”

“இவன்தான். தப்பா எண்ணினான். அது நெஜம்,” என்றாள் பாக்கியவதி. “ஆனா பொகை அடங்கறதுக்கு முன்ன, எல்லாம் வெடிச்சிதான்னு போயிப் பாக்காம, ஆளுங்கள உள்ள தள்ளினது யாரு? கொம்பால தட்டித் தள்ளினது யாரு? அத்தையும் கேளுங்க.”

ரைட்டர் தொண்டையைச் செருமினார். பிறகு இங்கிலீஷில் சொன்னார். அவள் பேசியது நீளமாக இருந்தது. இங்கிலீஷில் அது மிகவும் சின்னதாக இருந்தது. கேப்டன் துரையின் நாற்காலி கிறீச்சிட்டு, நிம்மதியாகப் பின்னால் சாய்ந்தது.

“இவன் மேல பிராது குடுக்கறியான்னு தொரை கேக்கறாரு,” என்றார் இன்பராஜ். பிறகு குரலைத் தாழ்த்தி, “அக்கா, ஒரே ஒரு வார்த்த. வூடு தங்கும்,” என்றார்.

“குடுக்கல.”

“இவன் உனுக்கு இன்னா வேணும்னு கேக்கறாரு.”

“எம் புள்ள.”

“உம் புள்ள செத்துட்டானே?”

“செத்தது ஒருத்தன். இது ஒருத்தன். எனக்கு இவன் மேல ஒண்ணும் பாக்கி இல்ல, அய்யா. தொரைக்கிட்ட அத்த மட்டுமாச்சும் முழுசா சொல்லு.”

இந்த முறை ரைட்டர் முழுதாகச் சொன்னார் போலிருந்தது. முனிரத்தினத்தின் இருட்டுக்குள் கடைசி மெழுகுவத்தி திரும்பியது. சிரித்தது. இந்தத் தடவை அவன் உடம்பு தூக்கிப்போடவில்லை.

“அம்மா,” என்றான், யாருக்கும் கேட்காமல்.

அவனை ஜெயிலுக்கு அனுப்பவில்லை. யார் மேலும் குற்றமில்லை என்று துரைமார்கள் எழுந்து போனார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் வீட்டைக் காலி செய்தார்கள். ராபர்ட்சன்பேட்டையில் புதிதாகத் தெருக்கள் போடுகிறார்கள், அங்கே ஜல்லி உடைக்க ஆள் எடுக்கிறார்கள் என்று பேச்சு. ஒரு பானை, ஒரு பாய், இரண்டு தட்டு, எல்லாம் ஒரே மூட்டையில் அடங்கின. வெங்கடம்மா எதுவும் சொல்லாமல் ஒரு படி கேழ்வரகை அதில் சேர்த்துக் கட்டினாள்.

வாசலில் ஏற்கெனவே ஒரு குடும்பம் மூட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தது. அன்றைக்குத்தான் ரயிலில் வந்தவர்கள். புருஷனை மேஸ்திரி அப்போதே கீழே இறக்கிவிட்டிருந்தார். அவன் பெண்சாதிக்குச் சின்ன வயது என்று குரலில் தெரிந்தது.

“அக்கா, இங்க தண்ணி எங்க புடிக்கறது?”

“அந்தத் தெருமுக்குல கொழா கீது. வெடியறதுக்கு முன்ன போ.” பாக்கியவதி நாலடி நடந்து, மறுபடி நின்றாள். “சங்கு ஊதினா ஷாப்ட் வாயண்ட போயி நில்லும்மா. உம் புருசன் பேரச் சொல்லிக் கூப்புடு. சத்தமா கூப்புடணும்.”

“அய்யோ, ஆம்பள பேர நான் எப்படிக்கா சொல்றது?”

“இங்க சொல்லணும்,” என்றாள் பாக்கியவதி.

லைனைத் தாண்டும்போது முனிரத்தினத்தின் உள்ளங்காலில் பூமி அதிர்ந்தது. அவன் நின்றுவிட்டான். அவனை அறியாமல் உதடுகள் எண்ணத் தொடங்கின. ஒன்று. இரண்டு. மூன்று. பிறகு கடைசியாக ஒன்று, மற்றவற்றைவிட மெலிதாக. அது வெடியா, எதிரொலியா என்று மேலே நிற்கிறவனுக்குத் தெரியவில்லை.

“இன்னாடா நின்னுட்ட?”

கீழே, புகைக்குள், ரயில் புழுதிகூட உதிராத ஒருவன் புதுத் தொப்பியில் மெழுகுவத்தியை ஒட்டிக்கொண்டு நின்றிருப்பான்.