ஆனையூர்க் கூட்டத்துக்கு நாகஜோதி வந்த நாள்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. மதுரை ஆனையூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவர், தண்ணீர் லாரிக்குக் காத்து நிற்கையில் சொன்னது. "எழுதிக்கங்கண்ணே, பேரு மட்டும் வேணாம்" என்றார். அவருக்கு நல்லகாமன் என்று பெயர் வைத்திருக்கிறேன். மனைவி முத்துமீனா. இனி வரப்போகும் பெண் நாகஜோதி. மூன்றும் நான் இட்ட பெயர்கள். மற்றதில் என் கைவரிசை குறைவு. எங்கே இருக்கிறதோ அங்கே சொல்லிவிடுகிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'குடி என்பது ஒரு சமூகத்தின்—'

நிறுத்திவிட்டேன். கட்டுரை வாடை அடித்தது. நாற்காலிகளிலிருந்து தொடங்குகிறேன்.

நல்லகாமன் கப்பலூரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். ஒரு காலத்தில் குடித்தார். சிம்மக்கல் பக்கம் குடியிலிருந்து மீண்டவர்கள் கூடும் கூட்டத்துக்குப் போய்க் குடியை விட்டார். அங்கே டாக்டர் கிடையாது, உபதேசம் கிடையாது. குடித்தவர் இன்னொரு குடித்தவரிடம் தன் கதையைச் சொல்வார், அவ்வளவுதான். ஆனையூர் ஆட்களுக்கு அத்தனை தூரம் பஸ்ஸில் போவதற்குள் மனசு மாறிவிடுகிறது என்று, இங்கேயே ஒரு டியூஷன் சென்டரின் மாடி அறையை ஞாயிறு சாயங்காலங்களுக்குக் கேட்டு வாங்கினார்.

யாரும் வரவில்லை. மாதக்கணக்கில். வாராவாரம் நாற்காலிகளை வட்டமாகப் போடுவார். கூட்டத் தொடக்கத்தில் வாசிக்கும் பக்கத்தைக் காலி அறைக்குச் சத்தமாக வாசிப்பார். நேரம் முடியும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு நாற்காலிகளை அடுக்கி வைப்பார்.

"செவுத்துக்கிட்ட பேசியாச்சா?" என்பாராம் முத்துமீனா.

"பேசியாச்சு. அதுவும் இந்த வாரம் குடிக்கலையாம்."

(அவரைத் தூக்கிவைத்து எழுதுகிறேன் என்று தோன்றினால், ஆமாம். படிக்க ஆளில்லை என்று தெரிந்தால் நான் பேனாவைத் திறக்கவே மாட்டேன்.)

3

ஒரு ஞாயிறு, வாசலில் ஒரு பெண் வந்து நின்றார்.

"குடிய விடுறவுக கூட்டம் இங்கதானாண்ணே?"

"ஆமாம்மா. வீட்டுக்காரருக்குக் கேக்குறீகளா?"

"இல்லண்ணே. எனக்குத்தான்."

நல்லகாமன் சட்டென்று எழுந்து ஒரு நாற்காலியைக் காட்டினார். நாகஜோதி உட்கார்ந்தார். அப்புறம்தான் இருவருக்கும் அறைக் கதவு கண்ணில் பட்டது. திறந்திருந்தால் படியேறுகிற யாருக்கும் பேச்சு கேட்கும். சாத்தினால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பூட்டிய அறையில் என்று தெரு பேசும்.

"இன்னொரு நாள் வாரேண்ணே" என்று நாகஜோதி எழுந்துவிட்டார்.

இன்னொரு நாள் என்று சொல்லியே வருஷங்களைத் தள்ளியவர் நல்லகாமன். "ஒரு நிமிசம் இரும்மா" என்று முத்துமீனாவுக்குப் போன் போட்டார்.

4

இங்கே நாகஜோதிக்கு ஒரு பழைய துயரத்தை எழுதியிருந்தேன். இறந்துபோன குழந்தை, அதனால் குடி. திரும்பப் படிக்கும்போது ஒன்று உறைத்தது: நல்லகாமன் ஏன் குடித்தார் என்று நான் ஒரு வரிகூட எழுதவில்லை. ஆணுக்குத் தேவைப்படாத காரணம் பெண்ணுக்கு மட்டும் எதற்கு? அந்தப் பத்தியை அடித்துவிட்டேன். அவர் குடித்தார். விட வந்தார்.

5

குடிகாரப் பேச்சு இனி என் காதிலேயே விழக்கூடாது என்று சபதம் போட்டிருந்தவர் முத்துமீனா. போனில், "நான் அங்கிட்டு வரமாட்டேன்னு சொல்லியிருக்கேன்ல?" என்றார்.

"ஒரு பொம்பளப்புள்ள வந்திருக்கு. போயிரும்போல இருக்கு."

"போகவிடாதீக" என்றார்.

வந்தார். நாகஜோதியை ஒரு தரம் பார்த்தார். கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு, வெளியே படியின் நடுவில் உட்கார்ந்துகொண்டார். கீழ்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "மேல என்ன சத்தம்?" என்று கேட்டார்.

"எங்க வீட்டு ஆளுக பேசிக்கிட்டிருக்காக" என்றார் முத்துமீனா. அந்தப் படியை விட்டு அசையவில்லை.

உள்ளே நாகஜோதி சொன்னார்: 'நான் முதன்முதலில்—'

எழுத மாட்டேன். அந்த அறையில் பேசியது அந்த அறையோடு. "நான் வந்தத எழுதுங்க, பேசுனத வேணாம்" என்று நாகஜோதியும் நல்லகாமனிடம் சொல்லியனுப்பியிருக்கிறார். படியில் இருந்தவர் காதில் எவ்வளவு விழுந்தது என்பதும் எனக்குத் தெரியாது.

6

முடிவுக்கு இரண்டு வரைவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் முத்துமீனா நாகஜோதியைக் கட்டிப்பிடித்து அழுகிறார். இன்னொன்றில் முகம் கொடுக்காமல் படியிறங்கிப் போகிறார். இரண்டும் நான் கட்டியவை.

நடந்தது வேறு. மூவரும் நாற்காலிகளை அடுக்கினார்கள். "எந்த பஸ்ஸு உனக்கு?" என்று கேட்டுவிட்டு முத்துமீனா கூடவே நடந்தார். வழியில் மதுக்கடை வந்தபோது, பேச்சை விடாமல், தான் கடைப் பக்கமாக மாறிக்கொண்டார். பஸ் வந்து, நாகஜோதி ஏறி, அது திருப்பத்தில் மறையும்வரை நின்றார். அடுத்த ஞாயிறு கணவருக்கு முன்னால் அறைச் சாவியோடு கிளம்பியவர் அவர்தான். நாகஜோதியும் வந்தார்.

அதற்குப் பிறகு? கதையை முடிக்க வேண்டுமே என்று போன வாரம் தண்ணீர் லாரி வரிசையில் நல்லகாமனிடம் கேட்டேன்: "அந்தம்மா ஒரேயடியா விட்டாச்சுன்னு எழுதிரலாமா?"

லாரி இன்னும் வரவில்லை. காலிக் குடங்களை வரிசையில் ஓர் அடி முன்னால் நகர்த்தினார்.

"நேத்து அது குடிக்கல. நானும் குடிக்கல. இன்னைக்கி இன்னும் பொழுது கிடக்கேண்ணே, அதுக்குள்ள எப்படி எழுதுவீக?"