பதினொரு கிலோவாட் அன்பளிப்பு

என் சகலைக்கு ‘யூனிட்’ என்று பெயர் வைத்தவள் என் மனைவி. சொந்தத் தங்கையின் புருஷனுக்கு இப்படிப் பெயர் வைப்பது மரியாதையில்லைதான். ஆனால் மனிதர் வாயைத் திறந்தால் யூனிட் தவிர வேறொன்றும் விழுவதில்லை. சின்ன எலக்ட்ரிக் எஸ்யூவி ஒன்றை வாங்கிய நாளிலிருந்து இந்தக் கதை.

“கிலோமீட்டருக்கு என்ன செலவாகுதுன்னு கேளுங்க சகலை.”

“நான் கேக்கலையே.”

“கேளுங்களேன்.”

கேட்டேன். கேட்காவிட்டால் கையை விடமாட்டார்.

“ஒண்ணுமே இல்ல! கிட்டத்தட்ட ஜீரோ. உங்க பெட்ரோல் கிழவி காலையில ஒரு தடவை செருமறதுக்கு ஆகற செலவுல நான் ஒரு வாரம் ஆபீஸ் போய்ட்டு வந்துடுவேன்.”

அவர் செய்யும் தொழில் நிதி ஆலோசனை. எதில் காசை மிச்சம் பிடிக்கலாம் என்று அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுப்பார். அதற்கு வாங்கும் காசை மிச்சம் பிடிப்பார். கார் விஷயத்தில் அவர் தடுமாறும் இடம் ஒன்றுதான். ஒரு முழு சார்ஜுக்கு நானூற்றைம்பது கிலோமீட்டர் ஓடும் என்று விற்றவர்கள் சொன்னார்கள். ரோட்டில் ஓடியதென்னவோ முந்நூறு. மீதி நூற்றைம்பது எங்கே போயிற்று என்று கேட்டால் மேடு, எதிர்க்காற்று, டயரில் அழுத்தக் குறைவு என்று வரிசையாகப் பழி போட்டுக்கொண்டு போய் மனைவியின் கைப்பையில் முடிப்பார். ஏசி போட்டால் ரேஞ்ச் குறையும், அதனால் ஏசி கிடையாது. கண்ணாடியை இறக்கினால் காற்று வண்டியைப் பிடித்து இழுக்கும், அதனால் அதுவும் கிடையாது. என் கொழுந்தியாள் அந்தக் காரிலிருந்து இறங்கும்போது ஆவியில் வெந்தவள் மாதிரிதான் இறங்குவாள்.

இவர்கள் இருவரும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாமனார் வீட்டுக்கு வருவார்கள். காலை எட்டு மணிக்கு வந்தால் இருட்டிய பிறகுதான் கிளம்புவார்கள். இரண்டு வருடமாக ஒரு ஞாயிறுகூட விட்டதில்லை. நான் அப்படியில்லை. கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதான் ஜனங்களுக்குக் கண் தெரியாமல் போகிறது என்று மாமனாரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அவரும் நம்புகிறார், அல்லது நம்புகிற மாதிரி இருக்கிறார்.

நான் ஒதுங்கியதற்குக் காரணம் வேறு. மாமனார் குடிநீர் வாரியத்தில் செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுவாரமே சுயசரிதை எழுத உட்கார்ந்துவிட்டார். ‘நானும் நகர நீரும்’ என்று தலைப்பு. எழுதியதோடு நிற்கவில்லை, வாய்விட்டுப் படித்துக் காட்டுவார். ஒரு அறுபது மில்லிமீட்டர் குழாயை எண்பதாக மாற்ற அவர் அனுப்பிய குறிப்பு எந்தெந்த மேஜையில் எத்தனை நாள் தூங்கியது என்பது மட்டுமே ஒரு அத்தியாயம். அதை ஒருமுறை முழுசாகக் கேட்டேன். வீட்டுக்குத் திரும்பிய பிறகு குழாயைத் திறக்கவே மனசு வரவில்லை.

யூனிட் மட்டும் கேட்டார். ஞாயிறுதோறும் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, “அப்புறம் மாமா?” என்று தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். மாமனாருக்கு உடம்பில் புது ரத்தம் ஏறியது. தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டால் உடனே ஆரம்பித்துவிடுவார்.

“சின்ன மாப்பிள்ளை என்ன சொன்னார் தெரியுமா? ‘மாமா, நீங்க எழுதியிருக்கறது ஒரு துறையோட கதை இல்ல, ஒரு தலைமுறையோட கதை’ன்னார். ரசனைன்னு ஒண்ணு இருக்கு மாப்பிள்ளை. அது எல்லாருக்கும் அமையாது.”

கடைசி வாக்கியம் எனக்கு.

அவர் படிக்கும்போது யூனிட்டின் கார் வாசலில் நிற்கும். ஜன்னல் வழியாக ஒரு வயர் உள்ளே வந்து, கிரைண்டர் பிளக்கில் சொருகியிருக்கும். அதைப் பார்க்காதவர் யாரும் அந்த வீட்டில் இல்லை. யாருக்கும் அது ஒரு விஷயமாகவும் படவில்லை. “வந்த மனுஷனுக்குச் சாப்பாடு போடறோம், அவர் வண்டிக்கு நாலு யூனிட் போட மாட்டோமா?” என்பார் மாமனார். நாலு யூனிட் இல்லை, நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவு. அந்த பிளக்கில் அது ஏற முழுப் பகலும் வேண்டும்.

அப்போதுதான் மாமனாருக்கு அந்த யோசனை வந்தது. மருமகனின் பிறந்தநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. சட்டைத் துணி, கைக்கடிகாரமெல்லாம் ஒரு தலைமுறையின் கதையைப் புரிந்துகொண்டவருக்குப் போதுமா? தண்ணீர் மோட்டாருக்காக அந்த வீட்டில் மூன்று ஃபேஸ் மின்சாரம் ஏற்கெனவே இருந்தது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, போர்ட்டிகோ சுவரில் பதினொரு கிலோவாட் சார்ஜர் பெட்டி ஒன்றைப் பொருத்திவிட்டார். வெள்ளைப் பெட்டி, பச்சை விளக்கு, கட்டைவிரல் தடிமனில் கேபிள். அத்தைக்குக்கூடச் சொல்லவில்லை. அதற்கு ஆன செலவைக் கேட்டு அத்தை இரண்டு நாள் அவரோடு பேசவில்லை என்பது தனி.

பிறந்தநாள் ஞாயிறு அன்று நாங்களும் போயிருந்தோம். கேக் வெட்ட ஆள் வேண்டுமே. பெட்டியைப் பார்த்ததும் யூனிட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. நடிப்பில்லை, நிஜமாகவே கலங்கியது. அதன் மூடியைத் தடவித் தடவிப் பார்த்தார்.

“மாமா, எதுக்கு மாமா இதெல்லாம்…”

“நீங்க இங்க வந்தா உங்க வண்டியும் நம்ம வீட்டுப் பிள்ளைதான் மாப்பிள்ளை.”

கேபிளை மாட்டினார்கள். பெட்டி கிர்ரென்றது. எல்லோரும் கைதட்டினோம், எதற்குக் கைதட்டினோம் என்று இப்போது யோசித்தால் விளங்கவில்லை. காலை உணவு முடிந்ததும் மாமனார் சுயசரிதைக் கோப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்றைக்குப் பெரிய அத்தியாயம். அவருடைய உத்தியோகத்தின் உச்சம் அது. பிரதானக் குழாய் வெடித்து ஊரே நனைந்து நின்ற நாள். தண்ணீரை நிறுத்த வேண்டிய வால்வு, சாலைத் துறைக்காரர்கள் புதிதாகப் போட்ட தாருக்கு அடியில் எங்கேயோ புதைந்து கிடக்கிறது. எங்கே என்று யாருக்கும் தெரியாது. உதவிப் பொறியாளராக இருந்த மாமனார் கையில் கடப்பாரையோடு நிற்கிறார். தப்பிக்க வழி இல்லாமல் நானும் உட்கார்ந்திருந்தேன். பொய் சொல்லக்கூடாது, கொஞ்சம் சுவாரசியமாகத்தான் இருந்தது.

“‘அந்தக் கணத்தில்,’” மாமனார் குரலை இறக்கினார், “‘என் காலுக்கடியில் ஒரு சின்ன அதிர்வு. குனிந்து தாரில் காதை வைத்தேன். எனக்குக் கேட்டது…’”

டிங்.

யூனிட்டின் போன். எடுத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“ஃபுல்! நூறு பர்சென்ட்! மாமா, மூணரை மணி நேரம்கூட ஆகல!” என்று எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். உள்ளே பார்த்து, “ஏய், பையை எடு, கிளம்பலாம்” என்றார்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அத்தை கையில் கரண்டியோடு அடுப்படியிலிருந்து வந்து நின்றாள்.

“எங்க கிளம்பறீங்க? சாப்பாடு இன்னும் ஆகலையே.”

“இல்லத்த, வீட்ல கொஞ்சம் வேலை இருக்கு.”

“பிறந்தநாள் சாப்பாடுப்பா!”

“அடுத்த வாரம் சேத்து வச்சு சாப்பிடறேன்.” சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டிவிட்டார்.

மாமனார் இன்னமும் தாரில் காதை வைத்த இடத்திலேயே இருந்தார். விரல் அந்த வரியில். தலையைத் தூக்கி, மெதுவாக, ஒரு குழந்தையிடம் கேட்பது போலக் கேட்டார்:

“மாப்பிள்ளை… வால்வு?”

“என்ன வால்வு மாமா?”

பேய் அறைந்தது என்பார்களே, அதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். அந்த மனிதரின் முகத்திலிருந்து இரண்டு வருடச் சந்தோஷம் ஒரே நொடியில் வடிந்து போயிற்று. அந்த வீட்டுக்கு ஞாயிறுதோறும் விருந்தாளியாக வந்தது கார்தான், மருமகன் அதற்குத் துணைக்கு வந்தவர் என்பது எங்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது. உறைக்காதவர் ஒருவர்தான். அவர் வெளியே கேபிளை அழகாகச் சுற்றிக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

கொழுந்தியாள் பையோடு வந்தாள். அப்பாவைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். முகம் சிவந்து, போய்க் காரில் உட்கார்ந்தாள்.

மாமனார் கோப்பை மூடினார். சாப்பிட உட்கார்ந்து, எதையும் தொடாமல் எழுந்து போனார்.

விஷயம் முழுசாகத் தெரிந்தது அந்த வாரம்தான். என் மனைவி தங்கையைத் தொலைபேசியில் பிடித்து உலுக்கினாள். அவர்கள் அடுக்குமாடியில் கீழ்த்தளத்துப் பார்க்கிங்கில் சார்ஜர் வைக்க அனுமதி இல்லையாம். தீப்பிடிக்கும் என்று சங்கத்தார் பயப்படுகிறார்களாம். நெடுஞ்சாலைச் சார்ஜ் நிலையத்தில் போட்டால் மூன்று மடங்கு காசு. அந்தக் காசைக் கணக்கில் சேர்த்தால் கிலோமீட்டருக்கு ஜீரோ என்று எவனிடமும் மார்தட்ட முடியாது.

“அந்த ஜீரோ எங்கப்பாங்க,” என்றாள் என் மனைவி போனை வைத்துவிட்டு. “எங்கப்பாவை ஜீரோவாக்கித்தான் அந்தக் கணக்கு வந்திருக்கு.”

வியாழக்கிழமை மாமனார் கூப்பிட்டார். குரல் அதிகாரியின் குரலாக இருந்தது.

“ஞாயித்துக்கிழமை கடைக்கு லீவு விடுங்க. ரெண்டு பேரும் வரணும்.”

வால்வு என் தலையில் விடியப்போகிறது என்றே நினைத்துக்கொண்டு போனேன்.

போய்ப் பார்த்தால் சார்ஜர் பெட்டியைச் சுற்றி இரும்புக் கூண்டு. கூண்டில் பூட்டு. பக்கத்தில் நாற்காலி போட்டு மாமனார் உட்கார்ந்திருந்தார், மடியில் கோப்பு, விரலில் சாவி. எட்டு மணிக்கு யூனிட்டின் கார் வந்தது. பதினைந்து சதவீதம்தான் மிச்சம் வைத்து வந்திருப்பார், வழக்கம் அதுதான். இறங்கியவர் கூண்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார். ஜன்னலுக்கு ஓடி, கிரைண்டர் பிளக்கை எட்டிப் பார்த்தார். அதற்கும் ஒரு பூட்டுப் போட்ட பெட்டி.

“என்ன மாமா இது?”

“உக்காருங்க மாப்பிள்ளை. முப்பது வருஷம் நான் ஊருக்குத் தண்ணி விட்டவன். மீட்டர் வைக்காத தெருவுல குழாயைத் திறந்து போட்டுட்டுத் தூங்கப் போயிடுவாங்க. மீட்டர் வச்ச மறுநாள் சொட்டைக்கூட எண்ணுவாங்க. நான் உங்களுக்கு மீட்டர் வைக்க மறந்துட்டேன்.” கோப்பைத் தட்டினார். “யூனிட்டுக்கு ஒரு பக்கம்.”

“என்னது?”

“நான் ஒரு பக்கம் படிப்பேன். நீங்க கேப்பீங்க. ஒரு யூனிட் ஏறும். பக்கம் முடியலைன்னா பூட்டுதான்.”

அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். என் மனைவிக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. யூனிட்டுக்கு இப்போதாவது வெட்கம் வரும், மன்னிப்புக் கேட்பார், காலில்கூட விழுவார் என்று நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

யூனிட் போனை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தார்.

“மாமா, பக்கம்னா தாளோட ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா?”

“ஒரு பக்கம்.”

“யூனிட்டுக்கு எனக்கு ஏழு கிலோமீட்டர் ஓடுது. ஒரு பக்கம் ரொம்ப ஜாஸ்தி மாமா. அரைப் பக்கம்னு வச்சுக்குங்க. ஹைவேல பக்கமே கிடையாது.”

“ஹைவேல மத்தியானச் சாப்பாடும் கிடையாது.”

“முக்கால்?”

“தூங்கக் கூடாது. போன் பாக்கக் கூடாது. ‘அப்புறம் மாமா’ன்னு கேக்கணும், கேக்கற மாதிரி கேக்கணும்.”

“சரி, முக்கால்.”

கை குலுக்கிக்கொண்டார்கள். நான் வாயைப் பிளந்தபடி நின்றேன். ஆளுக்கு ஒரு வெட்கமாவது இருக்கும் என்று நினைத்திருந்தேன், இரண்டு பேரிடமும் சேர்த்துக்கூட ஒன்று இல்லை. மாமனார் முகத்தில் டெண்டர் படிந்த திருப்தி. அவர் சாவியை எடுத்து, கூண்டின் பூட்டில் நுழைத்தார்.

“அப்பா.”

காருக்குப் பக்கத்தில் கொழுந்தியாள் நின்றிருந்தாள். வேர்வையில் நனைந்த முகத்தைத் துடைக்கக்கூட இல்லை. வாரம் தவறாமல் வருகிறவள். நேராக அடுப்படிக்குப் போய் அம்மாவுக்கு ஒத்தாசை செய்துவிட்டு, இருட்டியதும் காரில் ஏறிப் போகிறவள். அவளும் அங்கேதான் வந்துகொண்டிருக்கிறாள் என்பது அன்றுவரை எனக்கே தோன்றியதில்லை.

“தாரில காதை வச்சப்போ தண்ணி ஓடற சத்தம் கேட்டுச்சு, அந்த எடத்துல தோண்டினீங்க, வால்வு இல்ல,” என்றாள். “பழைய வரைபடத்துல யாரோ நாலடி தள்ளிக் குறிச்சிருந்தாங்க. ராத்திரி பூரா தோண்டி, கை பொத்துப்போய் வீட்டுக்கு வந்தீங்க. நான்தான் துணி சுத்திவிட்டேன். அப்ப நான் ஆறாவது படிச்சேன்.”

மாமனாரின் கை சாவியிலேயே நின்றுவிட்டது.

“அதை நான் இன்னும் படிக்கவே இல்லையேம்மா.”

“படிக்கணும்னு இல்ல. எழுதியிருக்கீங்களா?”

அவர் அவசர அவசரமாகக் கோப்பைப் புரட்டினார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். வால்வு இருந்தது, வரைபடம் இருந்தது, தலைமைப் பொறியாளரின் பாராட்டுக் கடிதம் முழுசாக இருந்தது. துணி சுற்றியது இல்லை. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

யூனிட் தொண்டையைச் செருமினார். “மாமா, சார்ஜ்…”

“நீங்க கொஞ்சம் வாயை மூடுங்க,” என்றாள் அவள் புருஷனிடம். அந்த வீட்டில் யாரும் அவரிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை போலிருக்கிறது, மூடிக்கொண்டார்.

அவருக்காகப் போட்டிருந்த சாய்வு நாற்காலியை இழுத்து, அப்பாவுக்கு நேர் எதிரில் போட்டு உட்கார்ந்தாள்.

“படிங்கப்பா. நான் ஓசிதான்.”