துவாரத்துக்குள் ஒரு சொல்

1996 தை மாதம். டோர்செட் பார்க் என்ற குடியிருப்புப் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் செலீன் தனியாக இருந்தாள். வேலைக்குப் புறப்படுமுன் குசினி மேசையில் மெழுகுதிரி கொளுத்தி உரத்துச் செபிப்பாள்.

"ஆண்டவரே, எனக்குச் சுப்பவைசர் வேலையைத் தாரும். எனக்குப் பிக்கரிங்கில ஒரு வீட்டைத் தாரும்..."

ஒருநாள் அடுப்புக்கு மேலிருந்த காற்றுத் துவாரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"எனக்கு."

அவளுடைய குரலேதான். அடுத்த நாளும் கேட்டது. எதைக் கேட்டுச் செபித்தாலும் அந்த ஒரு சொல்தான் திரும்பி வந்தது. சில நாள்களில் அவள் வாய் திறக்குமுன்னமே வந்தது.

கீழ்வீட்டில் யாரோ பகிடி பண்ணுகிறார்கள் என்று முடிவுகட்டி, செலீன் வீட்டைப் பூட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். தட்டியதும் கதவு தானே திறந்தது.

"ஆர் உள்ளுக்கை? ஏன் என்ர செபத்தை நளினம் பண்ணுறியள்?"

சோபாவில் ஒரு பெண் கிடந்தாள். தொண்டையில் சத்திரசிகிச்சைக் கட்டு. லிப்ற்றில் பலமுறை சிரித்த முகம். செலீன் ஒருநாளும் பெயர் கேட்டதில்லை. மருந்துப் போத்தலில் 'ரதி' என்றிருந்தது. உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. தொட்டபோது நெற்றி கொதித்தது.

அப்போது மேலே, செலீனின் பூட்டிய வீட்டிலிருந்து, துவாரம் வழியாக அந்தக் குரல் இறங்கி வந்தது.

"எனக்கு."

ரதியின் கண்கள் மேலே போய், பிறகு செலீனிடம் வந்தன. ரதியும் அதைத் தினமும் கேட்டிருக்கிறாள்.

செலீனுக்கு ஓடவேண்டும் போலிருந்தது. ஓடவில்லை. டொக்டருக்குப் போன் அடித்தாள், வேலையிடத்துக்கு அழைத்து இன்றைக்கு வரவில்லை என்றாள், கஞ்சி காய்ச்சினாள்.

மறுநாள் செபிக்க உட்கார்ந்தபோது 'எனக்கு' என்ற சொல் வெளியே வரவில்லை.

"ரதிக்குக் காய்ச்சல் இறங்கட்டும், ஆண்டவரே."

துவாரத்தில் சத்தமில்லை. யாரோ மிக அருகில் குனிந்து காதுகொடுப்பது போன்ற அமைதி. இத்தனை வருடமும் தான் மட்டுமே பேசியிருந்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பயத்தோடேயே முழந்தாளில் இருந்தாள்.

வீட்டு ஆசை போய்விடவில்லை. சில காலைகளில் பழையபடி தொடங்கிவிட்டு, பாதியில் வாயை மூடிக்கொள்வாள். பிறகு கீழே போவாள்.

மாசியில் ஒருநாள் கஞ்சிக் கோப்பையை நீட்டியபோது ரதி அதை வாங்கவில்லை. கரகரத்த, புதிய குரலில் கேட்டாள்.

"நீங்கள் சாப்பிட்டனீங்களோ, அக்கா?"

செலீனை யாரும் அப்படிக் கேட்டு வருடங்களாகியிருந்தன. ரதியின் பக்கத்தில் அமர்ந்து அவள் அழத் தொடங்கினாள்.