ஆயரின் பெயர் சூட்டிய செடி

1762 ஜூன் மாதம், தராசோனா நகரத்து மருத்துவக் கழகத் தோட்டத்தில், புதிதாகக் கண்டெடுத்த ஒரு செடிக்குத் திருச்சபை ஆயரின் பெயர் சூட்டப்பட்டது.

சூட்டியவர் தோன் லியாந்த்ரோ அஸ்னார், கழகத்தின் தலைமை மருத்துவர். கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்ற அறுவை மருத்துவர் காஸ்பர் வியலோங்காவுக்கு மட்டும், அப்படியொரு செடி உலகத்தில் இல்லை என்று தெரியும். அதைச் செய்தவரே அவர்தான்.

காஸ்பர் படையோடு இத்தாலிவரை போய் வந்தவர். கால் வெட்டும் வேலை இல்லாத நாளில் செடி பறிப்பார். அப்படி இருபது வருடமாகச் சேர்த்து உலர்த்தி, தாளில் ஒட்டிய செடிகள் எல்லாம் கழகத்து அலமாரிகளில் இருந்தன. இரண்டு வருடத்துக்கு முன் மொன்காயோ மலையில் ஒரு மஞ்சள் பூச்செடி கிடைத்தது. எந்த நூலிலும் இல்லாத செடி. அதை லத்தீனில் விவரித்துத் தரும்படி அஸ்னாரிடம் கொடுத்தார். அஸ்னார் ஒரு நூலில் விவரித்தார், தானே கண்டுபிடித்ததாக. முன்னுரையில் ஒரு வரியும் சேர்த்திருந்தார்: "மலையில் என் பையைச் சுமந்து வந்தவர் ஒரு நாவிதர்." கத்தி பிடிக்கும் அறுவை மருத்துவர்களைப் படித்த மருத்துவர்கள் அன்று நாவிதர் கணக்கில்தான் வைத்திருந்தார்கள்.

காஸ்பர் போய்க் கேட்டார்.

"கோவிச்சுக்காதீங்க மேஸ்திரி," என்றார் அஸ்னார். "பேரு வைக்கிறது படிச்சவன் வேலை. கத்திக்கு எதுக்கு லத்தீன்?"

காஸ்பர் வீட்டுக்குத் திரும்பி மேசையில் அமர்ந்தார். பிளந்த உதட்டைத் தழும்பு தெரியாமல் சேர்க்கிற கை அவருடையது. பாறையில் வளரும் ஒரு செடியின் தண்டில், பனி உருகும் இடத்தில் பூக்கும் வேறொரு செடியின் நீலப் பூவை மீன் பசையால் பொருத்தி உலர்த்தினார். அஸ்னாருக்கு வழக்கமாகச் செடி விற்கும் இடையன் பிளாஸ் அதை வாங்கிப் போய், புதுச் செடி என்று அவரிடம் விற்றான். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

பெயர் சூட்டுவதற்கு முந்தின நாள், மனைவி பிரீகிதா கொண்டைக்கடலையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தாளு ஊரு முன்னாடி தலைகுனிஞ்சா போதுமில்ல? அதோட விட்டுடுவீங்களா?"

"யாரு செஞ்சதுன்னு அவனுக்குத் தெரியணும்."

"எதுக்கு?"

"அப்பத்தான் வலிக்கும்."

"நல்லாத்தான் இருக்கு. காலை வெட்டுனவரு கையெழுத்தும் போட்டுட்டு வருவாராம்."

தோட்டத்தில் கைதட்டல் ஓய்ந்ததும் காஸ்பர் முன்னால் வந்தார்.

"ஒரு சந்தேகம், தோன் லியாந்த்ரோ. பூவை வெந்நீர்ல ஊறவெச்சு உள்ள இருக்கிறதை எண்ணிக் காட்டினீங்கன்னா, எங்களை மாதிரி கத்திக்காரங்களுக்கும் புரியும்."

உலர்ந்த பூவை அப்படித்தான் எல்லாரும் ஆராய்வார்கள். மறுக்க வழியில்லை. அஸ்னார் சிரித்தபடியே செடியைக் கிண்ணத்தில் இட்டார். "தள்ளி நில்லுங்க மேஸ்திரி. இது சவரத் தண்ணி இல்ல."

கூட்டமும் சிரித்தது. சற்று நேரத்தில் நீலப் பூ தண்டை விட்டு விலகித் தனியாக மிதந்தது. ஆயரின் செயலாளர் எழுந்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியேறினார்.

"இடையன் என்னை ஏமாத்திட்டான்," என்றார் அஸ்னார். பக்கத்திலிருந்தவர் அவர் தோளைத் தொட்டார். அந்த இரக்கத்தைத்தான் காஸ்பரால் பொறுக்க முடியவில்லை.

"இடையனுக்கு இந்த ஒட்டு வராது. நான் போட்டது. உங்க பையைச் சுமந்த நாவிதன்."

அஸ்னாரின் முகத்தில் ரத்தம் வற்றியது. காஸ்பர் அதைக் கண் நிறையப் பார்த்தார்.

அந்த வாரமே அஸ்னாரின் பதவி பறிபோனது. ஒன்றைப் பொய்யாகச் செய்த காஸ்பர் மற்றவற்றை எப்படிச் செய்திருப்பாரோ என்று கழகத்தார் கூடிப் பேசினார்கள். காஸ்பர் சேர்த்த செடிகள் அத்தனையையும் அலமாரியிலிருந்து எடுத்து வெந்நீரில் ஊறவைத்துச் சோதித்தார்கள். ஒன்றில்கூட ஒட்டு இல்லை. நனைந்தவை பூசணம் பிடித்ததால் தோட்டத்து மூலையில் போட்டு எரித்தார்கள்.

மொன்காயோவில் அவர் முதன்முதலில் பறித்து, தாளில் தன் கையால் நாளும் இடமும் எழுதி ஒட்டிய மஞ்சள் பூவும் அதில் போயிற்று. அது தன்னுடையது என்று காட்ட அவரிடம் வேறு சான்று இல்லை. அந்தச் செடி நூல்களில் அஸ்னார் கண்டுபிடித்ததாகவே நின்றது.