உடைந்த கைக்கு ஒரு லீவர்
தம்பி பைக் பந்தயத்தில் ஓட்டுவான். அக்கா வண்டியைப் பார்த்துக்கொள்வாள். அவன் வாய் திறப்பதற்கு முன்பே அவனுக்கு என்ன வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஆனால் அவன் பந்தயத் தடத்தில் விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டு, கட்டுப் பிரித்துத் திரும்பி வந்த பிறகு, அவள் எதைச் செய்தாலும் அவனுக்குப் பிடிக்கவில்லை.

முதலில் பிரேக் பேடு சரியில்லை என்றான். மாற்றினாள். அப்புறம் பிரேக் ஆயில் என்றான். அதையும் மாற்றி, பிரேக் குழாயில் சிக்கிய காற்றையும் வெளியேற்றினாள். கடைசியில் பழி கைப்பிடியில் இருக்கும் பிரேக் லீவர் தலையில் விழுந்தது. பக்கத்து ஷெட்டுக்காரன் வண்டியில் இருப்பதுபோல ஒரு குட்டை லீவர் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒற்றைக்காலில் நின்றான். சிவப்பாக, பளபளவென்று இருக்கும் அது.

"அதைப் போட்டா வண்டி தானா நின்னுடுமா?" என்று முறைத்தவள், மறுநாளே போய் வாங்கி வந்தாள். தம்பி கேட்டு இல்லையென்று சொல்ல அவளுக்கு வராது.

மாட்டுவதற்கு முன் அவனை வண்டியில் உட்கார வைத்தாள். ஓட்டும்போது குனிகிற மாதிரியே குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கை விரல்களையும் நீட்டச் சொன்னாள். விரல் தானாகப் போய் விழுகிற இடத்தில்தான் லீவர் இருக்க வேண்டும். இடது கை விரல்கள் கிளட்ச் லீவர்மேல் போய்ப் பாந்தமாக உட்கார்ந்தன. வலது கை விரல்கள் பிரேக் லீவருக்குக் கீழே வெறும் காற்றில் நின்றன.

அவளுக்குச் சுருக்கென்றது. அந்த மணிக்கட்டு இனி முன்புபோல மேலே வளையாது. இத்தனை நாளும் உடையாத ஒரு கைக்கு அவள் வண்டி தயார் செய்துகொண்டிருந்திருக்கிறாள்.

குட்டை லீவரை மாட்டி, அதைக் கைப்பிடியோடு இறுக்கியிருக்கும் கிளாம்பைத் தளர்த்தி, அவன் விரல் மட்டத்துக்கு இறக்கினாள். இரண்டு விரல் லீவரை இழுக்க, மற்ற இரண்டும் நசுங்காமல் கைப்பிடியைப் பற்றிக்கொண்டன. குட்டை லீவர் கேட்டதில் தப்பில்லை என்று ஒப்புக்கொண்டாள். அவன் முகம் மலர்ந்தது.

ஆனாலும் பயிற்சியில் வேகம் கூடவில்லை. அவள் வேலியோரம் போய் நின்று பார்த்தாள். நேர்ப்பாதை முடிகிற வளைவில், மற்றவர்கள் பிரேக் தொடுவதற்கு வெகு முன்பாகவே அவன் பிடித்துவிடுகிறான். மற்ற வளைவுகளில் அப்படி இல்லை. அவன் விழுந்தது அந்த வளைவில்தான்.

ஷெட்டுக்கு வந்தவன், லீவரை இன்னும் கொஞ்சம் இறக்கினால் தேவலை என்றான். அவள் கையில் ஸ்பேனரை எடுக்கவில்லை.

"இன்னும் எங்கடா இறக்குறது?"

அவன் கையுறையைக் கழற்றினான். திரும்ப மாட்டினான்.

"லீவர்ல ஒண்ணும் இல்லக்கா. அந்த இடம் வந்தாலே நான் நினைக்கிறதுக்குள்ள கை பிடிச்சிடுது."

போதும், விட்டுவிடு என்ற வார்த்தை அவள் தொண்டை வரை வந்தது. வீட்டில் எல்லோரும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதை விழுங்கிக்கொண்டு, ஓட்ட ஆசை இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். இருக்கிறது என்று தலையாட்டினான்.

"அப்போ பயந்தா பயந்துட்டுப் போ. சீக்கிரமே பிடி. ஆனா வெடுக்குனு பிடிக்காத."

லீவரின் தூரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகைச் சுற்றி, லீவரை இரண்டு சொடுக்கு வெளியே தள்ளினாள். இப்போது விரல் முழுக்க மடங்குவதற்குள்ளேயே பிரேக் மெல்லப் பிடிக்க ஆரம்பித்தது. எவ்வளவு பிடிக்கிறது என்பது விரலுக்குத் தெரிந்தது.

பந்தயத்தன்று அந்த வளைவில் ஒவ்வொரு சுற்றிலும் யாராவது அவனைத் தாண்டிப் போனார்கள். அவன் வேறு வளைவுகளில் அவர்களைப் பிடித்தான். பாதிப் பந்தயத்தில், அதே வளைவில், ஒருவன் குறுக்கே புகுந்துவிட்டான். தம்பி பிரேக்கை இறுக்கினான். முன்சக்கரம் கிறீச்சிட்டது, வண்டி ஒரு ஆட்டம் ஆடி நேரானது. அடுத்த சுற்றில் கொஞ்சம் தாமதமாகப் பிடித்தான். அதிகமில்லை, ஒரு வண்டி நீளம் இருக்கும்.

ஒன்பதாவதாக வந்தான். தலைக்கவசத்தைக் கழற்றியவன் வண்டியைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை, பசிக்கிறது என்றான். வீடு போய்ச் சேரும் வரை வேனில் வாய் பிளந்து தூங்கினான்.

வாசலில் வேன் நின்றதும் எழுந்து, சரிவுப் பலகையைப் போட்டான். பிரேக்கைப் பிடித்தும் விட்டும் வண்டியைத் தானே கீழே இறக்கினான். அவள் கை கொடுக்கப் போகவில்லை. கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.